எண்ணெய் நேரம்

எங்கள் கல்லூரியில் பெண்கள் கழிப்பறையை மூன்று முறை திறந்தார்கள். முதல் முறை கட்டி முடித்ததற்கு. இரண்டாம் முறை பெயிண்ட் அடித்ததற்கு. மூன்றாம் முறை ஆய்வுக் குழு வருகிறது என்பதற்கு. மூன்று முறையும் ரிப்பன் இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, வந்தவர்களுக்கு முந்திரிக்கொத்து இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. இதை நான் 'கொசு' என்கிற எங்கள் சுவர்ப் பத்திரிகையில் வெறும் செய்தியாகத்தான் எழுதினேன். கடைசி வரியில் நான்காவது திறப்பு விழாவின் தேதியை முன்கூட்டியே தெரிவித்தால் நல்ல சட்டை போட்டு வருவோம் என்று கேட்டிருந்தேன். பதினைந்து நாள் சஸ்பென்ஷன் கிடைத்தது.

அந்தப் பதினைந்து நாள் என் வருகைப் பதிவைக் கடித்துத் தின்று எழுபத்தோரு சதவீதத்தில் கொண்டுவந்து விட்டது. எழுபத்தைந்து இல்லாதவனுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. முதல்வர் மன்னித்துக் கையெழுத்துப் போட்டால் உண்டு. அதற்குப் பெயர் கண்டோனேஷன். மன்னிப்புக்கு அச்சடித்த படிவம் வைத்திருக்கிற இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சவுதியில் தம்மாமிலிருந்து வாப்பா வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, "ஹுஸைஃபா, பரீட்சை எப்பம்?" என்று ஒரே கேள்விதான் கேட்பார். "நவம்பர் வாப்பா" என்று ஒரே பதில்தான் சொல்வேன். எழுத விடுவார்களா என்று அவர் கேட்டதில்லை. ஆகையால் நான் பொய் சொன்னதும் இல்லை.

முதல்வர் குமரகுரு கெட்டவர் இல்லை. திங்கள் முதல் சனி மத்தியானம் வரை கோபமாக இருப்பார். சனிக்கிழமை குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் ஞாயிறு முழுக்க நல்ல மனிதர் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்லூரி கிடையாது என்பதால் இதை நாங்கள் கேள்விப்பட்டதோடு சரி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். புது நூலக அரங்கத்துக்கு மேலகரம் உமா மகேஸ்வரி அம்மாளின் பெயரை வைக்கப்போகிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து டெல்லி நாடாளுமன்றத்துக்குப் போன முதல் பெண். எழுபத்தைந்தாவது வயது. அதையொட்டி ஒரு மலர். மலரில் அவருடைய வாழ்க்கை வரலாறு எட்டுப் பக்கம். அதைத் தமிழ்த்துறை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டது. அதில் 'பெண்குலத்தின் விடிவெள்ளி' பதினோரு இடத்தில் வந்தது, பிறந்த தேதி ஓரிடத்திலும் வரவில்லை.

"நீ எழுதுனதுல எனக்குக் கோவம் வந்துது. ஆனா ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியலை" என்றார் முதல்வர். "அதனாலதான் உன்கிட்ட குடுக்கேன். வெள்ளிக்கிழமை எட்டுப் பக்கம் என் மேசையில இருந்தா படிவத்துல கையெழுத்து. ஒரே ஒரு நிபந்தனை. ஜோக் இருக்கக் கூடாது."

எனக்கு அப்போது அது சுலபமான நிபந்தனையாகத் தெரிந்தது.

எம்பி அம்மாவின் வாழ்க்கை ஊரறிந்தது. பஸ் கண்டக்டர் மகள். தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஏழு வருடம் ஆபரேட்டர். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய், பீடி சுற்றுகிற பெண்களைச் சங்கத்தில் சேர்த்தார். இரண்டு தடவை சிறை. எண்பதுகளின் நடுவில், முப்பத்தைந்து வயதில், மாநிலங்களவை உறுப்பினர். பன்னிரண்டு வருடம் டெல்லி. அவர் அலைந்து வாங்கிக்கொடுத்த பீடித் தொழிலாளர் அடையாள அட்டை என் பெரியம்மாவிடம் இன்னும் இருக்கிறது. போட்டோவில் பெரியம்மா அழகாக இருப்பதால் அதைப் புதுப்பிக்கவே இல்லை.

எல்லாம் தெரிந்த இந்த வாழ்க்கையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அந்த வருடம் கட்சிக்குக் கிடைத்தது ஓரிடம். கேட்டவர்கள் மூன்று பெரிய ஆட்கள்: ஒரு ரைஸ்மில்காரர், ஒரு வக்கீல், ஒரு ரோடு காண்ட்ராக்டர். மூவருக்கும் காசு இருந்தது, ஆள் இருந்தது, கார் இருந்தது. எம்பி அம்மாவுக்கு ஒரு குடை இருந்தது. அப்படியிருக்க இடம் எப்படி அவருக்குப் போனது?

மில்காரரின் மகனைக் கேட்டேன். தன் அப்பாதான் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார் என்றார். வக்கீலின் பேரன், விட்டுக்கொடுத்தது தன் தாத்தா என்றான். காண்ட்ராக்டர் வீட்டில், மற்ற இருவரும் விட்டுக்கொடுத்ததாகச் சொல்வது பொய், விட்டுக்கொடுத்தது நாங்கள்தான் என்றார்கள். ஓரிடத்தை மூன்று பேர் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். என் உம்மாவுக்கு வேறு கருத்து. "டெல்லிக்காரனோட பேச ஆளு வேணும்லா. டிரங்க் கால் பேசிப் பழகுனவ அவதான" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மேலகரம் போனேன். எம்பி அம்மா முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அடிக்கோல் வைத்து செய்தித்தாளில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு டீ வந்தது, கூடவே கேள்வியும் வந்தது: கழிப்பறையைப் பற்றி எழுதிய பையன் நான்தானா? ஆமாம் என்றேன். எத்தனை பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றார். தெரியாது என்றேன். "பெறவு எப்பிடி எழுதுன?" என்று கேட்டுவிட்டு மறுபடி கோடு போட்டார்.

இரண்டு மணி நேரம் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் தேதி, கிழமையோடு பதில் வந்தது. இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதும் பேனாவுக்கு மூடி போட்டார்.

"அதைச் சொல்ல மாட்டேன். என் வாயால சொல்லுததில்லன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவங்க இப்பம் இருக்காங்களாம்மா?"

"அவரு இல்ல. வாக்கு இருக்கு."

சரிபார்க்க வேண்டிய தேதிகளுக்காக டெல்லியில் எழுதிய பன்னிரண்டு டைரிகளையும் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் அங்கேயே புரட்டினேன். ஒவ்வொரு டைரியின் கடைசிப் பக்கத்திலும் ஒரு பட்டியல் இருந்தது. 'ரயில்வே, செவ்வாய், பல்.' 'ஜவுளி, வியாழன் காலை, சவரம்.' 'சுகாதாரம், மாதக் கடைசி, ஏழாம் வரிசை ஜன்னல்.' ஒன்றில் மட்டும், 'தொழிலாளர் நலம், ஆறு வாரம், கால் கட்டு' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தது. ஏதோ ரகசியக் குறிப்பு என்று நினைத்தேன். நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாகக்கூட இருக்கலாம். என்னவென்று கேட்டேன்.

"அதுவும் நீ முன்ன கேட்டதும் ஒண்ணுதான்" என்றார். நான் வாசலில் செருப்பு மாட்டும்போது, பின்னாலிருந்து, போகிற போக்கில் சொல்வது போல இன்னொன்றும் சொன்னார். "வாக்குக் குடுத்தது நான் மட்டுந்தான். கிதிர் முகம்மது யாருக்கும் ஒண்ணும் குடுக்கலை. குற்றாலத்துல எண்ணெ தேய்க்காரு. கேட்டுப் பாரு."

புதன்கிழமை கிதிர் முகம்மது மாமாவைக் கண்டுபிடித்தேன். அருவிக்குப் போகிற வழியில், ஒரு பழைய லாட்ஜுக்குப் பின்பக்கம், தகரம் போட்ட கொட்டகை. அறுபதை நெருங்கும் வயது, கதவுக்குத் தாழ்ப்பாள் போல விரல்கள். வந்த விஷயத்தைச் சொன்னேன். சொல்வதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு சிக்கல்தான் இருந்தது.

"சும்மா உக்காந்துட்டு எனக்குப் பேச வராது மருமவனே. கை ஓடுனாத்தான் வாய் ஓடும். நீ படு."

கல்மேடையில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தேன். பேண்ட், சட்டை, போன் எல்லாம் இருபது அடி தள்ளி, கொட்டகைக்கு வெளியே தாழ்வாரத்தின் அடியில் கட்டியிருந்த கொடியில் தொங்கின. உள்ளே தொங்கினால் எண்ணெய் தெறிக்கும். இது அந்தக் காலத்திலிருந்தே அந்தக் கொட்டகையின் வழக்கம் என்றார் மாமா. உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைத்து, கதையை ஆரம்பித்தார்.

அப்போது மாமாவுக்குப் பத்தொன்பது வயது. அவருடைய வாப்பாதான் தேய்ப்பவர், மாமா எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார். கட்சித் தலைவர் சீசனுக்கு வந்து முன்னாலிருந்த லாட்ஜில் பத்து நாள் தங்கினார். அந்தப் பத்து நாளுக்குள் டெல்லிக்கு யார் என்று சொல்லிவிடுவதாகப் பேச்சு. மூன்று பெரிய ஆட்களும் அவரை விட்டு நகரவில்லை. சாப்பிடும்போது பக்கத்தில், நடக்கும்போது பின்னால். எம்பி அம்மா ஆறு நாள் லாட்ஜுக்கு வந்தார். ஒன்பது மணிக்கு வந்தால் தூங்குகிறார் என்றார்கள், பத்துக்கு வந்தால் கூட்டம், ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி தூக்கம். பதினோரு மணிக்கு வந்தால் மட்டும் ஒரே பதில்: "எண்ணெயில இருக்காவ." மற்ற நேரமெல்லாம் மாறியது. எண்ணெய் மட்டும் மாறவில்லை.

"ஏழாம் நாளு நல்ல சாரல்" என்றார் மாமா, என் முதுகில் முழங்கையை வைத்து. "நாலு பேருக்கும் தலையிலருந்து கால் வரைக்கும் எண்ணெ வச்சாச்சு. கண்ணுலயும் இறங்கிட்டு. அரை மணி நேரம் ஊறணும், அதுக்கு முன்ன அருவிக்குப் போவக் கூடாது. நாலு பேரு மேலயும் கோவணம். நாலு வேட்டியும் அங்கன கொடியில. அப்பம் அந்தம்மா குடையைப் பிடிச்சிட்டு வந்து கொடிக்குப் பக்கத்துல நின்னுச்சு. கொட்டகைக்கு முதுகைக் காட்டிட்டு. நின்ன வாக்குல பேச ஆரம்பிச்சிட்டு."

அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி பேசினாராம். எந்த ஊரில் எத்தனை பெண்கள் பீடி சுற்றுகிறார்கள், சங்கத்தில் எத்தனை பேர், போன தேர்தலில் எந்தத் தெருவில் கட்சிக்கு எத்தனை ஓட்டு, அதில் யார் கேட்டு விழுந்தது எத்தனை. கையில் காகிதம் கிடையாது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. காண்ட்ராக்டர், வேட்டியை எடுத்து வரும்படி மாமாவின் வாப்பாவை அதட்டினார். எண்ணெய்க் கையால் வெள்ளை வேட்டியைத் தொடுவது தன் தொழிலில் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். மற்றபடி வேட்டி வேண்டுமென்றால் ஓர் ஆள் கோவணத்தோடு வெளியே போய் அந்த அம்மாளைத் தாண்டி எடுத்துவர வேண்டும். பொதுவாழ்வில் முப்பது வருடம் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருவத்தஞ்சு நிமிசம். கடைசியில தலைவரு சிரிச்சிட்டாரு. 'இந்நேரம் வரைக்கும் எந்திரிச்சுப் போவாம நான் கேட்ட ஒரே பேச்சு இதுதாம்மா, உனக்கு என்ன வேணும்'னாரு. டெல்லின்னுச்சு. சரின்னுட்டாரு. இப்பிடி நடந்துன்னு உன் வாயால யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாரு. அதுக்கு அந்தம்மா சரின்னுச்சு."

பிறகு மூன்று பெரிய ஆட்களும் தென்காசிக்குத் திரும்பினார்கள். வீட்டில் ஏதாவது சொல்ல வேண்டுமே. தனித்தனியாக யோசித்து ஆளுக்கொரு பெருந்தன்மையோடு போயிருக்கிறார்கள்.

அந்த நேரம் கொடியில் என் பேண்ட்டுக்குள் போன் அடித்தது. உம்மாவாகத்தான் இருக்கும். எழுந்திருக்கப் பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை எண்ணெய், கண்ணில் எரிச்சல், வெளியே கேரளாவிலிருந்து வந்த ஒரு வேன் நிறைய பெண்கள். மறுபடி படுத்தேன். படுத்த இடத்தில்தான் டைரி புரிந்தது. பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்திருக்கிற அமைச்சர். பாதிக் கன்னத்தில் சோப்போடு இருக்கிற அமைச்சர். விமானத்தில் ஜன்னல் சீட்டில் மாட்டிக்கொண்ட அமைச்சர். பன்னிரண்டு வருடம் அந்த அம்மாள் டெல்லியில் தேடியது ஒன்றைத்தான்: யார், எந்தக் கிழமை, எங்கே எழுந்திருக்க முடியாமல் இருப்பார்கள். கால் உடைந்த தொழிலாளர் அமைச்சரை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. ஆறு வாரம்.

வியாழக்கிழமை முழுக்க எழுதினேன். ஜோக் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை முதல்வர் எட்டுப் பக்கத்தையும் படித்தார். ஐந்தாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் என்ன சொன்னேன்?"

"ஜோக் கூடாதுன்னு சொன்னீங்க சார்."

"இது என்ன?"

"வரலாறு சார்."

மலரின் பின் அட்டை முழுப்பக்க விளம்பரம் ரைஸ்மில்காரரின் மகன் கொடுத்தது என்றும், விழாவில் அவர்தான் படத்தைத் திறந்து வைக்கிறார் என்றும், அவருடைய அப்பாவைக் கோவணத்தோடு அச்சில் ஏற்ற முடியாது என்றும் முதல்வர் விளக்கினார். என் பெயரைப் பார்த்தாலே கேலி என்றுதான் நினைப்பார்கள் என்றும் சொன்னார். அது உண்மை. திங்கட்கிழமை கண்டோனேஷன் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. அதற்குள் 'பெருந்தன்மை' வந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுதலாம்.

மேலகரத்துக்கு டைரிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். மாற்றி எழுதிவிடலாம் என்றுதான் இருக்கிறேன், ஒரு பத்திதானே என்றும் சொன்னேன். எம்பி அம்மா ஆறுதல் சொல்லவில்லை. வீரமாக இரு என்றும் சொல்லவில்லை.

"உங்க முதல்வரு என்னைக்கு எண்ணெ தேய்ச்சுக் குளிக்காரு?"

"சனிக்கிழமை. குற்றாலத்துல."

"யாருகிட்ட?"

எனக்குத் தெரியவில்லை. அவர் போனை எடுத்து, கண்ணாடி இல்லாமல் ஓர் எண்ணை அழுத்தினார். கிதிர் முகம்மது மாமாவின் குரல் எனக்கும் கேட்டது. "நம்மகிட்டதான்க்கா. பதினொண்ணேகாலுக்குப் படுப்பாரு."

"வேட்டியா, பேண்டா?"

"பேண்டு."

சனிக்கிழமை மேலகரத்திலிருந்து ஆட்டோவில் போனோம். என் படிவம் ஒரு பிளாஸ்டிக் உறையில் அவர் மடியில் இருந்தது. அந்தப் பழைய வழி இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் வருவதாகவும், எனக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் வழியில் சொன்னார். நன்றாகச் சாரல் விழுந்தது. கொடியில் முதல்வரின் பழுப்பு நிற பேண்டும் கட்டம் போட்ட சட்டையும் தொங்கின. எம்பி அம்மா அதன் பக்கத்தில் போய், கொட்டகைக்கு முதுகைக் காட்டி, குடையை விரித்து நின்றார்.

"சார், நான் உமா மகேஸ்வரி. திரும்ப மாட்டேன், பயப்படாதீங்க."

கொட்டகைக்குள் ஏதோ கிண்ணம் விழுந்தது. பிறகு, "மேடம், ஒரு அஞ்சு நிமிசம் வெளிய…" என்றது முதல்வரின் குரல்.

"நான் வெளியதான் நிக்கேன். அஞ்சு நிமிசம் பத்தாது."

பிறகு ஆரம்பித்தார். கல்லூரியில் படிக்கிற பெண்கள் அறுநூற்று நாற்பத்திரண்டு. தண்ணீர் உள்ள கழிப்பறை ஒன்று, அதுவும் ஆசிரியைகளுக்கு. அதனால் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு நாளைக்குச் சராசரி ஐம்பத்தெட்டு. செவ்வாய்க்கிழமை என்னிடம் கேட்டபோது எனக்குத் தெரியாத கணக்கு, சனிக்கிழமைக்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பிள்ளைகளின் வருகைப் பதிவும் எழுபத்தைந்துக்குக் கீழே போகும், அவர்களை யார் மன்னிப்பது என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. உள்ளே மாமா தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் அன்று வழக்கத்தைவிட நிதானமாகத் தேய்த்தார் என்பது என் சந்தேகம்.

இருபது நிமிடம் போயிருக்கும். உள்ளிருந்து, களைத்த குரலில், "இப்பம் நான் என்ன செய்யணும் மேடம்?" என்று வந்தது.

"மூணு விசயம். மோட்டார் போட்டு மேல்தொட்டிக்குத் தண்ணி ஏத்தணும். இந்தப் பையன் படிவத்துல கையெழுத்து. மூணாவது, அவன் எழுதுனதை எழுதுனபடி போடணும்."

தண்ணீர் சரி, கையெழுத்தும் சரி, அந்த ஐந்தாம் பக்கம் மட்டும் முடியவே முடியாது, விழாவே நின்றுவிடும் என்று முதல்வர் கெஞ்சினார். எம்பி அம்மா ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை.

"சரி. அதை விட்டுக்கொடுக்கேன்."

மூன்று நாள் உழைப்பு. முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக எழுதப்பட்ட உண்மை. அம்மா, அது உங்கள் கதை என்றேன் பக்கத்தில் போய். அவர் திரும்பாமல், உதட்டை அசைக்காமல் சொன்னார்.

"சும்மா இருலே. விட்டுக்கொடுக்கதுக்குன்னு ஒண்ணு கையில இருக்கணும். நான் எப்பவும் இப்பிடி ஒண்ணைக் கொண்டுதான் போறது."

மாமா இரண்டு விரலால் படிவத்தை உள்ளே எடுத்துப் போனார். வெளியே வரும்போது கையெழுத்து இருந்தது, கட்டைவிரல் ரேகையும் இருந்தது, உறை முழுக்க நல்லெண்ணெய் வாசனை. திங்கட்கிழமை அலுவலகத்தில் கிளார்க் ஜெபஸ்டின் அண்ணன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எழுத்து இரண்டு பக்கமும் தெரிந்தது.

"என்னலே, இதை எதுல பொரிச்சு எடுத்தே?"

முதல்வர் கையெழுத்து என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்த்தார். ஹால் டிக்கெட் அடுத்த வாரம் வந்தது. வாப்பாவிடம் "இருவத்திநாலாம் தேதி" என்று முதல் தடவையாகத் தேதியோடு சொன்னேன்.

விழா நன்றாக நடந்தது. கழிப்பறையை அதே நாளில் நான்காவது முறையாகத் திறந்தார்கள். ரிப்பன் இருந்தது, தண்ணீரும் இருந்தது. வெட்டிய கத்தரிக்கோலை யாரோ அங்கேயே கழுவியும் பார்த்தார்கள். மில்காரரின் மகன் படத்தைத் திறந்து வைத்து, தன் அப்பாவின் பெருந்தன்மையைப் பற்றிப் பேசினார். மேடையில் எம்பி அம்மா கைதட்டினார். மலரின் ஐந்தாம் பக்கத்தில் அந்தப் பெருந்தன்மை என் பெயரில் அச்சாகியிருந்தது. நான் எழுதியதிலேயே இதுவரை யாரும் கேலி என்று சந்தேகிக்காத ஒரே வரி அதுதான்.

மறுநாள் மலரின் ஒரு பிரதியை மேலகரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். கோடு எதுவும் போடவில்லை. "நல்லா இருக்கு" என்றார். பிறகு இந்த வருட டைரியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் எழுதினார்: 'கல்லூரி, சனி, எண்ணெய்.'

"உனக்குப் பரீட்சை எத்தனை மணிக்கு?"

"பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும்மா."

"நடுவுல எந்திரிச்சு வெளிய போவ விடுவாங்களா?"

"மொத அரை மணி நேரம் விடவே மாட்டாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு வரி எழுதினார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் தென்காசிக்குள் நுழையும்போதுதான் அந்தக் கடைசி வரி எதைப் பற்றியதாக இருக்கும் என்று எனக்கு உறைத்தது. என்னிடம் அவருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று தெரியவில்லை. முதல் பரீட்சை திங்கட்கிழமை.